டி டிரைவில் இருந்தது பாதிதான்

புரட்டாசி கடைசியில் ஒரு சாயங்காலம். மேற்கே மலைப்பக்கம் இடி உருண்டுகொண்டிருந்தது. சேரன்மகாதேவியில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது முறை வந்தபோது என் டெஸ்க்டாப் எழும்பவில்லை. விண்டோஸ் தன்னைச் சரிசெய்யப் பார்க்கும், நீலத்திரையில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மறுநாள் காலையில் சிபியூவை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்து பஜாரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடையில் இருந்த தம்பி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். "அக்கா, சி டிரைவ் மட்டுந்தான் ஃபார்மேட் பண்ணிருக்கேன். டி டிரைவ்ல கையே வைக்கல. ஒங்க ஃபைல் பூராவும் அப்படியே கெடக்கு, பாத்துக்கிடுங்க" என்றான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. அப்படியும் வீட்டுக்கு வந்து நான்கு நாள் என் புராஜெக்ட் ஓடவில்லை. அந்த நான்கு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். மீண்டும் இன்ஸ்டால் செய்துவிட்டு, எடிட்டர் முழுக்கச் சிவப்புக் கோடாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இது உதவும்.

புராஜெக்ட் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வயல். தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு பேப்பரைப் பிரித்து, அணை நீர்மட்டத்தை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மூன்று கட்டம். முழுக் கொள்ளளவுக்குப் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. கார் பருவத்துக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்களா, பிசானத்துக்கு எப்போது நாற்றுப் பாவலாம் என்று அவர் யோசிப்பதெல்லாம் அந்த நோட்டை வைத்துத்தான். ஆறு வருட நோட்டை நான் உட்கார்ந்து டைப் செய்து ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைலாக்கினேன். பைத்தான் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இன்றைய மட்டம், போன வருடம் இதே நாளின் மட்டம், ஒரு வாரத்தில் ஏறியதா இறங்கியதா என்று தமிழில் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்துத் தரும். அப்பா அதை டீக்கடையில் ஒட்டுவார். நாலு பேர் நின்று பார்ப்பார்கள். கம்பெனி வேலையில் எத்தனையோ பெரிய புரோகிராம் எழுதியிருக்கிறேன். நின்று பார்க்கிற ஆட்களை நான் கண்ணால் கண்டது இது ஒன்றுக்குத்தான்.

புதிய விண்டோஸில், புரோகிராம் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடைப் போட்டு ஃபோல்டரைத் திறந்தேன். இந்த ஃபோல்டரை எழுதியவரை நம்புகிறீர்களா என்று கேட்டது. அவசரத்தில் இல்லை என்று அழுத்திவிட்டேன் போல. மேலே 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' என்று ஒரு பட்டை வந்து நின்றது. 2021 முதல் இருக்கிற பாதுகாப்பு இது. நம்பாத ஃபோல்டரில் எக்ஸ்டென்ஷன்கள் (எடிட்டரின் துணைப் புரோகிராம்கள்) பாதி வேலைதான் செய்யும், எதையும் தானாக ஓட்டாது. இதைக் கவனிக்காமல் எக்ஸ்டென்ஷன் பழுது என்று நினைத்து, எடிட்டரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தடவையும் போட்டேன். முதல் நாள் இப்படியே போனது.

எடிட்டரைத் திரும்பத் திரும்பப் போடுவதால் ஏன் பலனில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. விஎஸ் கோடை அன்இன்ஸ்டால் செய்தால் புரோகிராம்தான் போகும். உங்கள் செட்டிங்ஸ் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டாவுக்குள் 'கோடு' என்கிற ஃபோல்டரில் இருக்கும், எக்ஸ்டென்ஷன்கள் அதே யூசரின் '.விஎஸ்கோடு' ஃபோல்டரில் இருக்கும். ஃபோல்டரை நம்பலாமா வேண்டாமா என்று நீங்கள் சொன்ன பதிலையும் அது ஞாபகம் வைத்திருக்கும். புதிய எடிட்டர் வந்து பழைய பாயிலேயே படுத்துக்கொள்கிறது. உண்மையிலேயே சுத்தமாகத் தொடங்க வேண்டுமானால் அந்த இரண்டு ஃபோல்டரையும் வேறு பெயருக்கு மாற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினாலே போதும்.

இரண்டாம் நாள் ஃபோல்டரை நம்புவதாகச் சொன்ன பிறகு, பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஜன்னல் ஒன்றுதான், உள்ளே ஐந்தாறு பேர் பேசுகிறார்கள். 'இம்போர்ட் பாண்டாஸ்' என்பது அட்டவணைக் கணக்குக்கான பாண்டாஸ் பேக்கேஜைக் கூப்பிடும் வரி. அதற்குக் கீழே கோடு போடுவது, பைத்தானைச் சரிபார்க்கும் எக்ஸ்டென்ஷனான பைலான்ஸ். டெர்மினலில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்பது, விண்டோஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பவர்ஷெல். பைத்தான் இல்லை என்பது விண்டோஸ். ரெப்பாசிட்டரி (புராஜெக்டின் களஞ்சியம்) சந்தேகமானது என்பது, ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட். இத்தனை பேர் பேச்சும் ஒரே எழுத்துருவில் ஒரே ஜன்னலில் வருவதால், எல்லாவற்றையும் எடிட்டர் தலையில் போட்டுவிடுகிறோம். ஆகவே ஒவ்வொரு பிழைக்கும் முதலில் யார் பேசுவது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி, எடிட்டரை மூடிவிட்டு, சாதாரண கமாண்ட் பிராம்ப்டில் அந்த ஃபோல்டருக்குப் போய் அதே கட்டளையைக் கொடுப்பது. அங்கேயும் அதே பிழை வந்தால் எடிட்டர் குற்றமில்லை. எனக்கு வந்த பிழைகளில் பெரும்பாலானவை அங்கேயும் வந்தன.

சின்னவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'பைத்தான்' என்று அடித்தால் விண்டோஸின் ஸ்டோர் திறந்தது. அது பைத்தான் அல்ல, ஸ்டோருக்கு வழிகாட்டும் ஒரு பொம்மைக் கட்டளை. செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸஸ்' பகுதியில் அணைத்துவிடலாம். பைத்தானை நாமே இன்ஸ்டால் செய்யும்போது பாத்-இல் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்கிற கட்டத்தில் டிக் போட வேண்டும். பவர்ஷெல் ஸ்கிரிப்டைத் தடுத்தால், நடப்பு யூசருக்கு மட்டும் எக்ஸிக்யூஷன் பாலிசியை 'ரிமோட்சைன்ட்' என்று வைத்தால் போதும். கம்ப்யூட்டர் முழுமைக்கும் திறந்துவிடாதீர்கள்.

கிட் சொன்னதுதான் எனக்குப் புதிது. ஃபோல்டர் என்னுடையது, நான்தான் உருவாக்கினேன். ஆனால் சொந்தக்காரர் யார் என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லி, உள்ளே விட மறுத்தது. விஷயம் இதுதான். விண்டோஸ் ஃபைலின் உரிமையைப் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு யூசருக்கும் உள்ளே ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. புதிதாக விண்டோஸ் போட்டு அதே பெயரில் யூசரை உருவாக்கினாலும் எண் புதிது. டி டிரைவில் இருக்கிற ஃபைல்கள் பழைய எண்ணின் பெயரில் பட்டா போட்டவை. பெயர் ஒன்று, ஆள் வேறு. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல் இந்தச் சோதனை இருக்கிறது. பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இன்னொருவர் வைத்த கிட் ஃபோல்டர், நாம் உள்ளே போனதும் அவர் விரும்பிய கட்டளையை நம் பெயரில் ஓட்டிவிட முடியும் என்பதால் கொண்டுவந்தார்கள். அவசியமான சோதனைதான். என் புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் 'சேஃப் டைரக்டரி' பட்டியலில் சேர்த்தேன். நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டரையும் நம்பச் சொல்லும் யோசனையும் இணையத்தில் கிடைக்கும். அது கதவைக் கழற்றி வைக்கிற மாதிரி.

மூன்றாம் நாள்தான் ஆணிவேரைத் தொட்டேன். புராஜெக்ட் ஃபோல்டருக்குள் '.வென்வ்' என்கிற விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்தப் புராஜெக்டுக்கு மட்டுமான தனிப் பைத்தான் அறை) முழுசாக இருந்தது. பாண்டாஸ், தாளின் அச்சு வடிவத்தை நிரப்பித் தரும் ஜின்ஜா எல்லாம் அதற்குள் இருக்கிறது. எடிட்டரில் எந்தப் பைத்தான் என்று தேர்ந்தெடுக்கும் 'செலக்ட் இன்டர்பிரட்டர்' போய் அதையே தேர்ந்தெடுத்தேன். 'நோ பைத்தான் அட்' என்று சொல்லி, சி டிரைவில் ஒரு பழைய பாதையைக் காட்டியது.

பாபநாசத்தையும் சேர்வலாற்றையும் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு அணை என்றுதான் சொல்வோம். ஆனால் மலைக்குள் ஒரு சுரங்கப்பாதை இரண்டையும் இணைக்கிறது. அதனால்தான் அப்பாவின் நோட்டில் ஒன்று ஏறினால் மற்றதும் கூடவே ஏறும். விர்ச்சுவல் என்விரான்மென்டும் அப்படித்தான். டி டிரைவில் தனி ஃபோல்டராகத் தெரியும். அதற்குள் இருக்கிற பைத்தான்.இஎக்ஸ்இ முழுப் பைத்தான் அல்ல. அது ஒரு சின்ன வாசல்காரன். பக்கத்தில் இருக்கும் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' ஃபைலைப் படித்து, உண்மையான பைத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே அனுப்பி வைக்கும். அந்த உண்மையான பைத்தான் சி டிரைவில் இருந்தது. சி டிரைவைத் துடைத்ததும் இங்கே தண்ணீர் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் '.வென்வ்' ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கச் சொல்வார்கள். சரியான யோசனைதான், ஆனால் அழிப்பதற்கு முன் அதைப் படியுங்கள். அந்தச் செத்த ஃபோல்டர்தான் என்னிடம் மிச்சமிருந்த ஒரே சாட்சி. பைவென்வ்.சிஎஃப்ஜியை நோட்பேடில் திறந்தேன். ஐந்து வரிகூட இல்லை. 'ஹோம்' என்ற வரியில் பைத்தான்39 என்று முடியும் பாதை. 'வெர்ஷன்' என்ற வரியில் 3.9.13. நான் புதிதாகப் போட்டிருந்ததோ 3.13. அடுத்து 'சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டருக்குள் போனேன். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் ஒரு ஃபோல்டர் உண்டு. அதன் பெயரிலேயே வெர்ஷன் எண் இருக்கும். பாண்டாஸ் 1.3.5 என்று அங்கே தெரிந்தது. மற்றவற்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் 'பாண்டாஸ்' என்று வெறும் பெயர்தான் போட்டிருந்தேன், எண் போடவில்லை. அதை வைத்து 3.13-இல் இன்ஸ்டால் செய்தால் புத்தம் புதிய பாண்டாஸ் வந்து இறங்கும். என் பழைய புரோகிராம் அதில் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கே தெரியாது. சரி, 1.3.5-ஐயே கேட்போம் என்று கேட்டால், பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்து ஓடி நின்றது. காரணம் எளிது. பாண்டாஸ் போன்றவை பாதி சி மொழியில் எழுதப்பட்டவை. ஒவ்வொரு பைத்தான் வெர்ஷனுக்கும் தனித்தனியாகத் தயார் செய்த 'வீல்' கோப்பு வேண்டும். 1.3.5 வெளிவந்த காலத்தில் 3.13 பிறக்கவே இல்லை, அதற்கு வீலும் இல்லை. ஆகவே பேக்கேஜ்களைப் போட்டுத் தரும் பிப், சி மொழி மூலத்தை இறக்கி என் கம்ப்யூட்டரிலேயே சமைக்கப் பார்க்கிறது. அதற்கு வேண்டிய அடுப்பும் இங்கே இல்லை, செய்முறையும் பழசு. இந்தப் பிழையைப் பார்த்து கம்பைலரை ஜிபி கணக்கில் இறக்கியவர்களை எனக்குத் தெரியும். அது தேவையே இல்லை, பொருத்தமான பைத்தானைப் போட்டால் தயார் வீல் வந்துவிடும்.

இங்கே எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. முதலில் பழைய நிலைக்கு அப்படியே கொண்டுவர வேண்டும். ஓடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் புதுப்பிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால், வருகிற பிழை ஏதோ ஒன்று காணாமல் போனதால் வந்ததா, நாம் மாற்றியதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. 3.9.13-தான் அந்த வரிசையில் விண்டோஸுக்கு இன்ஸ்டாலராகக் கிடைக்கும் கடைசி வெர்ஷன். அதை இறக்கி 3.13-க்குப் பக்கத்திலேயே போட்டேன். 'பை -3.9' என்று சொல்லி அதைக் கொண்டே புது என்விரான்மென்ட் உருவாக்கினேன். தாளில் எழுதியிருந்த எண்களோடு பேக்கேஜ்களைக் கேட்டேன். ஒரு நிமிஷத்தில் அத்தனையும் வந்து இறங்கின. எடிட்டரில் சிவப்புக் கோடுகள் மறைந்தன. கீழே மூலையில் 3.9.13 என்று தெரிந்தது. ராத்திரி பத்து மணி. அப்பா தூங்கவில்லை.

"கணக்கெல்லாம் போயிட்டா தாயி?"

"போகலப்பா. உள்ளதான் இருக்கு. தெறக்க மாட்டுக்கு. இப்பம் தெறந்துரும்."

ரன் கொடுத்தேன். திறக்கவில்லை.

'சார்மேப் கோடெக் கான்ட் டிகோடு பைட் 8டி இன் பொசிஷன் 11.' அதாவது, 11-ஆம் இடத்தில் இருக்கும் 8டி என்கிற பைட்டை எழுத்தாகப் படிக்க முடியவில்லை. இத்தனை நாள் ஒழுங்காகப் படித்த அதே சிஎஸ்வி ஃபைல். அதே புரோகிராம், அதே பைத்தான், அதே பாண்டாஸ். ஃபைல் கெட்டுவிட்டதோ என்று வயிறு கலங்கியது. எடிட்டரில் திறந்து பார்த்தேன், தமிழ் அழகாகத் தெரிந்தது. அன்று ராத்திரி அதற்குமேல் ஓடவில்லை. விடிந்ததும் பேனாவும் தாளும் எடுத்து, பொசிஷன் 11 எங்கே இருக்கிறது என்று எண்ணினேன்.

ஃபைலின் முதல் சொல் 'நாள்'. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ந என்பது 0, 1, 2. கால் 3, 4, 5. ள என்பது 6, 7, 8. அதன் தலையில் இருக்கும் புள்ளி 9, 10, 11. புள்ளியின் மூன்று பைட்டுகள் இ0, ஏஎஃப், 8டி. பொசிஷன் 11-இல் இருப்பது அந்த 8டி. விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துப் பட்டியலான 1252-இல் 8டி என்ற இடம் காலி. அங்கே எந்த எழுத்தும் இல்லை. ந-வையும் காலையும் ள-வையும் அது ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாகத் தப்பாகவாவது படித்துவிட்டுப் போய்விட்டது. புள்ளிக்கு வந்ததும் நின்றுவிட்டது.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் புள்ளி வைக்க மறந்தால் டீச்சர் விரலைப் பிடித்து வைக்கச் சொல்வார்களே, அந்தப் புள்ளி. பாபநாசம் என்பதிலும் சேர்வலாறு என்பதிலும் மணிமுத்தாறு என்பதிலும் இருக்கிறது. தமிழில் நாலு வரி எழுதி அதில் ஒரு மெய்யெழுத்துக்கூட வராமல் எழுதுவது லேசில்லை. ஆகவே தமிழ் ஃபைலை விண்டோஸில் பைத்தான் கொண்டு திறக்கும் நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் இந்த 8டி என்றாவது ஒருநாள் வந்து நிற்கும். வந்தால் பயப்பட வேண்டாம், உங்கள் ஃபைல் நலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இத்தனை நாள் எப்படி ஓடியது? பைத்தானில் ஓப்பன் என்று மட்டும் சொல்லி எந்த எழுத்துமுறை என்று சொல்லாவிட்டால், 3.9-இல் விண்டோஸின் இயல்பு முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். இங்கே அது 1252. பாண்டாஸ் கொண்டே படித்திருந்தால் இது வந்திருக்காது, அது தானாகவே யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். நான் சாதாரண ஓப்பன் கொண்டு படித்திருந்தேன். யோசித்து யோசித்து, மத்தியானம் சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. இந்தப் புராஜெக்டைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இதே பிழை வந்தது. அப்போது எங்கேயோ படித்து, விண்டோஸின் என்விரான்மென்ட் வேரியபிள்களில் (புரோகிராம்கள் பார்க்கும் பொது அமைப்புகள்) 'பைத்தான்யூடிஎஃப்8' என்று ஒன்றை உருவாக்கி 1 என்று போட்டேன். பைத்தான் 3.7 முதல் இந்த வசதி உண்டு. பிழை போனது. நானும் அதை மறந்துபோனேன். அந்த ஒற்றை எண் சி டிரைவில் இருந்தது. என் ஃபோல்டரில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிட்டிலும் இல்லை, ரிக்வயர்மென்ட்ஸிலும் இல்லை. எடிட்டரின் செட்டிங்ஸ் சிங்க்கை இயக்கி வைத்திருந்தாலும் அது வந்திருக்காது. அது எடிட்டரின் விருப்பங்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் காப்பாற்றும். விண்டோஸின் வேரியபிளையோ பைத்தானையோ தொடாது.

டி டிரைவில் இருந்ததுதான் என் புராஜெக்ட் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது பாதிதான். மீதியில் கொஞ்சம் சி டிரைவில் இருந்தது. இன்னும் கொஞ்சம் என் தலையில் இருந்தது, அதையும் நான் மறந்திருந்தேன்.

இந்த முறை வேரியபிளைப் போடவில்லை. புரோகிராமில் ஃபைலைத் திறக்கிற ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதினேன், மொத்தம் ஏழு இடம். தாளை எழுதி வெளியே தரும் இடமும் அதில் ஒன்று. அதை விட்டிருந்தால் எழுதும்போது இதே பிழை தலைகீழாக வந்திருக்கும். பைத்தான் 3.15 முதல் யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக்குவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனாலும் அந்த ஏழு இடத்தையும் நான் எடுக்கப்போவதில்லை. ரிக்வயர்மென்ட்ஸில் ஒவ்வொரு பெயருக்கும் எண் சேர்த்தேன். ரீட்மி என்கிற குறிப்பு ஃபைலின் முதல் வரியில் எந்தப் பைத்தான் என்று எழுதினேன். பிறகு டி டிரைவில் வேறொரு இடத்தில் காலி ஃபோல்டரை உருவாக்கி, கிட்டிலிருந்து புதிதாக இறக்கி, ரீட்மியில் உள்ளதை மட்டும் பார்த்துக் கட்டி ஓட்டினேன். முதல் முறை ஜின்ஜாவின் டெம்ப்ளேட் ஃபைல் ஒன்று இல்லை என்று நின்றது. அதைக் கிட்டில் சேர்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சேர்த்தேன். இரண்டாம் முறை ஓடியது.

பிரிண்டர் தாளைத் தள்ளியது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாபநாசத்தின் கட்டத்தில் விரல் வைத்து, போன வருடக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான்கு நாளும் அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த நான்கு வரியை நான் டைப் செய்து சேர்த்த பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

"அந்தத் தாள்ல என்னமோ எழுதி எழுதிப் பாத்தியே, அது என்னம்மா?"

"எந்த வெர்ஷன், எந்த இடம்னு குறிச்சு வெச்சேன்பா. தாளு தொலைஞ்சிரும். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்."

"கம்ப்யூட்டருதான நாலு நாளா தெறக்கல" என்றவர், நோட்டை என் பக்கம் நகர்த்தினார். "இதுல எழுது. இது எங்கயும் போகாது."

அன்றைய மூன்று எண்களுக்குக் கீழே எழுதினேன். பைத்தான் 3.9.13. பாண்டாஸ் 1.3.5. ஃபைல் எல்லாம் யூடிஎஃப்-8. அப்பா நோட்டைத் திரும்ப வாங்கி, நான் எழுதியதை ஒருமுறை வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, தன் கையெழுத்தில் பக்கத்து ஓரத்தில் நேரம் குறித்தார். சாயங்காலம் 6.40.